கூடவே சார்

மச்சினி தலைநகரத்துக்குக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில், அவளை வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு வந்த பாட்டு ஆசிரியரின் கையில் வயலின் பெட்டி இருந்தது. மச்சினியின் பெட்டியை மச்சினியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதை எதுக்குங்க சுமந்துட்டு வந்தீங்க?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"பஸ் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை பாடிப் பாத்துடலாம்னு."

"இங்கயா? நடு ஸ்டாண்டுலயா?"

"சங்கீதத்துக்கு ஏது இடம், நேரம்?"

"உங்களுக்கு இல்ல. அவளுக்கு மானம் இருக்கு."

மச்சினி பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை இழுத்து மூடினாள். அவர் விரலால் தட்டினார். அவள் கொஞ்சமாகத் திறந்தாள்.

"பாப்பா, நானும் கூடவே வந்துடட்டுமா?"

"வேணாம் அத்தான். உள்ள தனியாத்தான் விடுவாங்க. கூட யாரும் வாசிக்கக் கூடாதாம். பியானோல அவங்களே ஒரு ஸ்வரம் குடுப்பாங்களாம். அதோட சரி."

"அதுக்கென்ன? நான் சொல்லிக் குடுத்த மாதிரியே பாடு, போதும்."

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரின்னா, நீங்களும்ல வேணும்!" என்றாள் மனைவி.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். சங்கீதத்தில் அந்த அளவுக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

வானொலி நிலையத்தின் பாடகர் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கான தேர்வுக்குத்தான் மச்சினி போனாள். அக்காவுக்குக் கல்யாணமான கையோடு, போக்கிடம் இல்லாமல் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். பகலில் பாட்டு வகுப்பு நடக்கும் முன்னறையில்தான், வகுப்பு முடிந்த பிறகு மடக்குக் கட்டிலை விரித்துப் படுப்பாள். அவள் தூங்கப் போகும் நேரத்தைக்கூட மாணவர்கள்தான் முடிவு செய்தார்கள். குழுவில் இடம் கிடைத்தால் சம்பளம் வரும்; நிலையத்துக்குப் பின்னாலுள்ள குடியிருப்பில் ஓர் அறையும் தருவார்கள். தனக்கென்று ஒரு கதவு, உள்ளே போனதும் தாழ் போட்டுக்கொள்ள. அவளுக்கு வேண்டியது அதுதான்.

அத்தானுக்கு வேண்டியது வேறு. 'என் சிஷ்யை வானொலியில் பாடுகிறாள்' என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்ள ஒரு சிஷ்யைகூடத் தேறவில்லை என்பது அவருடைய மனக்குறை. ஏன் தேறவில்லை என்று யோசிக்கிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

தெருவில் அவருக்குப் பெயர் 'கூடவே சார்'. வாய்ப்பாட்டுக்கு வந்தாலும் வயலினுக்கு வந்தாலும், வந்தவர் வாயைத் திறக்குமுன் அவர் வில்லை எடுத்துவிடுவார். "நீ பாடு, நான் கூடவே வர்றேன்." அதுதான் அவருடைய பாடத்திட்டம், அதுதான் அவருடைய கொள்கை, அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. மாணவி ஸ்வரத்தைத் தொடுவதற்குள் வயலின் அதைத் தொட்டுவிடும். அவள் தடுமாறினால் வயலின் மூடி மறைத்துவிடும். அவள் மூச்சு வாங்கினால் வயலின் இழுத்து நிரப்பிவிடும். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அதில் கேட்டது முழுக்க கூடவே சார். அந்த அப்பாவின் மகள் அன்றைக்குத் தொண்டை கட்டி வெறுமனே வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வுபெற்ற வரி அதிகாரி ஒருவர் வயலின் கற்க வந்தார். அவருடைய வில் தந்தியின் மேல் படுகிறதா இல்லையா என்பதே சந்தேகம். "என்னா நாதம்!" என்று அவரே தன்னை வியந்துகொண்டு வீட்டுக்குப் போவார். வீட்டில் எடுத்து வாசித்தால் பெஞ்சை இழுப்பது மாதிரி சத்தம் வரும். "வீட்டுல காத்து சரியில்ல சார். உங்க ரூம்லதான் வருது," என்று வந்து சொல்வார். கூடவே சார் பெருமையோடு புன்னகைப்பார். அந்த அறையின் காற்றுக்கும் அவரே காரணம் என்பதுபோல.

இளமையில் அவர் ஒரு நாடகக் கொட்டகையின் வாத்தியக் குழுவில் பின்வரிசை வயலின். அங்கே குழுவை நடத்தியவர் சொன்ன ஒரே அறிவுரை, 'உன் வயலின் தனியாக் கேட்டா உன்னைத் தனியா வெளியே அனுப்பிடுவேன்' என்பது. அவர் அதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார். கொட்டகை மூடியதும், தானே ஆசிரியர் என்று அறிவித்துக்கொண்டு மாடி முன்னறையில் பாய் விரித்தார். அதற்கு யாரும் தேர்வு வைப்பதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படியொரு மாடி அறை இருக்கிறது. அதில் இப்படியொருவர் கண்ணை மூடி, தன் சத்தத்தைத் தானே ரசித்துக்கொண்டிருக்கிறார்.

அவரை மட்டும் சொன்னால் அநியாயம். எதிர்க் கட்டடத்தில் பியானோ சொல்லிக் கொடுத்த அம்மாவை எல்லோரும் 'மேஜை டீச்சர்' என்பார்கள். முதல் வருடம் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில்தான் வாசிக்க வேண்டும். விரல் பழகும்வரை சத்தத்துக்குத் தகுதி கிடையாது. இரண்டாம் வருடம் பியானோ மூடியின் மேல். மூன்றாம் வருடம் மூடியைத் திறப்பார். அதற்குள் பிள்ளைகள் நீச்சலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் கிடார் இளைஞன் ஒருவன் மூன்று 'கார்டு' பிடிகளைக் கற்றுக்கொடுத்து, உலகத்தின் எல்லாப் பாட்டும் இதில் அடக்கம் என்றான். அவனுக்குத் தெரிந்ததும் அந்த மூன்றுதான். ஆக, ஒரே தெருவில் ஒருத்தர் சத்தத்தையே கண்ணில் காட்டவில்லை, ஒருத்தன் மூன்றோடு கடையை மூடினான், ஒருத்தர் மாணவர்களுக்குப் பதிலாகத் தானே வாசித்தார். மூன்று பேருக்கும் கூட்டம் குறையவில்லை.

மச்சினி மறுநாளே திரும்பி வந்துவிட்டாள். நேராகச் சமையலறைக்குள் போய் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அழுவதற்கு அது வசதி. கூடவே சார் கதவோரம் வந்து நின்றார்.

"முதல் வரி நல்லாத்தான்க்கா பாடினேன். ரெண்டாவது வரிக்கு முன்னால நின்னுட்டேன். எதுக்கு நின்னேன்னு எனக்கே தெரியல. குழுத் தலைவின்னு ஒரு அம்மா. 'யாருக்கும்மா காத்திட்டிருக்கே?'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? திரும்ப ஆரம்பிச்சேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு இழை பிந்தித்தான் நுழையறேனாம். ஸ்வரத்தை நேராத் தொடாம கீழேருந்து எட்டிப் பிடிக்கிறேனாம். 'கிளம்பின வண்டிக்குப் பின்னால ஓடறவ மாதிரி பாடறியே'ன்னாங்க."

அவள் பாடியதில் எது குறையோ, அது அந்த வீட்டு முன்னறையில் செய்யப்பட்டது. வயலின் முதலில் ஸ்வரத்தைக் காட்டும், அவள் அதைக் கேட்டுப் பிடிப்பாள். வருடக்கணக்கில் அதே கதை. பிந்துவதுதான் பாட்டு என்று அவள் தொண்டை கற்றுக்கொண்டுவிட்டது. இது ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

"பியானோ சுருதி சேராம இருந்திருக்கும்," என்றார் கூடவே சார்.

"நல்லாவே சேர்ந்திருந்துச்சு அத்தான்."

"ரூம் சின்னதா? சின்ன ரூம்ல குரல் முட்டும்."

"பெரிய ரூம்."

"அதான். பெரிய ரூம்ல குரல் கரைஞ்சுடும்."

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள் மனைவி. "நீ சொல்லுடி. வேணாம்னுட்டாங்களா?"

"இல்லக்கா. குரல் நல்லாருக்காம். 'இன்னொரு தடவை கூப்பிடறோம், அதுக்குள்ள தனியாப் பாடிப் பழகிட்டு வா'ன்னாங்க. யாருக்கும் அப்படி ரெண்டாவது தடவை குடுக்கறதில்லையாம்."

அன்றிலிருந்து மச்சினி தனியாகப் பாட இடம் தேடினாள். முன்னறையில் வகுப்பு. மேஜை டீச்சரிடம் போய்க் கேட்டதற்கு, "முதல்ல ஆறு மாசம் வாயைத் திறக்காம மனசுக்குள்ள பாடு, அப்புறம் பாக்கலாம்," என்று அனுப்பி வைத்தார். கடைசியில் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் பிடித்தாள். ஒரு வரி பாடுவாள். அடுத்த வரிக்கு முன் தொண்டை நிற்கும். காலால் தரையை உதைத்து, தன்னையே தள்ளிவிடுவதுபோல் அடுத்த வரிக்குள் போவாள். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் நாள் போகப் போக அந்த உதை தேவைப்படாமல் ஆயிற்று.

கீழே இருந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. தன் வீட்டில் ஒரு பாட்டு, தான் இல்லாமல் நடப்பதா? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கீழிருந்தே அவள் பாட்டுக்கு வயலின் வாசித்தார். அவள் தொட்டியின் மறுபக்கம் போனாள். அவர் படிக்கட்டுக்கு வந்தார்.

"அத்தான், தயவுசெஞ்சு கீழ போங்க."

"உனக்கு உதவியா இருக்கும்னுதான்மா."

"உதவிதான் வேணாங்கறேன்."

"வகுப்புல என்னை சார்னு கூப்பிடுவே. அந்த மரியாதை மொட்டைமாடிக்கு வராதா?"

"சரி சார். கீழ போங்க சார்."

அவர் போனார். ஆனால் மனம் ஆறவில்லை. யோசித்து யோசித்து, அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தார்: பிழை பெண்ணிடம் இல்லை, பயிற்சியிலும் இல்லை. தேர்வு நடத்தும் முறையில்தான் பிழை. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு பெரிய மனிதர் வேண்டும். நிலைக்கண்ணாடியில் பார்த்தார், ஆள் கிடைத்துவிட்டது.

மேல்கோட்டைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாள், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வயலினோடு தலைநகரத்துக்குப் பேருந்து ஏறினார். வானொலி நிலையத்தில் வரவேற்பறையிலிருந்து அவரை நகர்த்த முடியாமல், குழுத் தலைவியே இறங்கி வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத பெண்மணி.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு?"

"குரு. அக்கா புருஷனும்கூட."

"சரி. எப்படி இருக்காங்க? தனியாப் பாடிப் பழகறாங்களா?"

'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை போதும். மொட்டைமாடியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையில் அவருக்கு இடமில்லையே!

"அது நடக்காதும்மா," என்றார் கனிவாக. "என் வயலின் இல்லாம அவளால பாட முடியாது. இத்தனை வருஷமா அவ குரலைத் தூக்கிப் பிடிச்சுட்டிருக்கறதே நான்தான். விட்டா விழுந்துடும். அதனால நான் என்ன சொல்றேன்னா, எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்துக்குங்க. நான் ஓரமா நின்னுக்கறேன். தொந்தரவே இருக்காது."

"நாங்க தேடறது ஒரு குரல். வயலின் எங்ககிட்ட நிறைய இருக்கு."

"இருக்கும்மா, இல்லேன்னு சொல்லல. அவ குரலுக்குப் பழகின வயலின் இது ஒண்ணுதானே? வேணும்னா வாசிச்சுக் காட்டவா?"

"வேண்டாம்." அந்தப் பெண்மணி கையை உயர்த்தித் தடுத்தார். "அவங்களால தனியாப் பாட முடியாதுன்னு, சொல்லிக் குடுத்த நீங்களே சொல்றீங்க."

"சத்தியமா. யார் முன்னால வேணும்னாலும் சொல்றேன்."

"புரிஞ்சுது. இவ்வளவு தூரம் வந்து சொன்னதுக்கு நன்றி."

நன்றி என்ற சொல்லைப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தான் எவ்வளவு பதமாகப் பேசினார், அந்த அம்மா எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் என்று அபிநயத்தோடு சொன்னார். எதிரே இரண்டு பெண்கள் முகத்திலும் ஈயாடவில்லை என்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார்.

"என்ன, யாரும் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?"

மச்சினி எழுந்து போய்க் கைப்பேசியை எடுத்து வந்தாள். அவர் பேருந்தில் ஊருக்கு வந்துகொண்டிருந்தபோதே நிலையத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. காலியாக இருந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

"இப்ப விளங்கிடுச்சு அத்தான்."

மனைவி அவர் கையிலிருந்து வயலின் பெட்டியை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க. நீ பாடுடி. இந்த மனுஷன் ஒரு தடவையாவது உன் குரலைக் கேக்கட்டும்."

மச்சினி நின்றபடியே பாடினாள். முதல் வரியிலேயே அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது.

"வாய்!" என்றாள் மனைவி.

முனகல் நின்றது. விரல் நாற்காலிக் கையைத் தட்டியது. மனைவி எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே கால் ஆடத் தொடங்கியது. துவைத்த துணிக்கூடையைக் காலால் நகர்த்தி அவர் பாதத்தின் மேல் வைத்தாள். இப்படிக் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு மாணவி பாடுவதைக் கூடவே சார் கேட்டார்.

அந்தக் குரல் அவருக்கு அறிமுகமில்லாத குரல். கொஞ்சம் கரகரப்பு, நல்ல அகலம், வயலினின் தேன் அதில் இல்லை. இரண்டு இடத்தில் கீழிருந்து எட்டிப் பிடித்தாள். மற்ற இடங்களில் நேராகப் போய் நின்றாள். வரிக்கும் வரிக்கும் நடுவே யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மொட்டைமாடி அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் தலை குனிந்திருப்பார்கள்.

"பாத்தீங்களா!" என்று அவர் நிமிர்ந்தார். "நான் இல்லாம எவ்வளவு வெறிச்சுனு இருக்கு! இதைத்தான் அந்தம்மாகிட்டயும் சொன்னேன்."

மச்சினி அக்காவின் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க வாசிங்க. நான் பாடல."

"தாராளமா." வயலினைத் தோளில் வைத்தார். முதல் வரியை நன்றாகவே வாசித்தார். இரண்டாவது வரிக்கு முன் வில்லை உயர்த்தி, மச்சினியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அது அவர் வழக்கமாகச் செய்யும் சைகை: ம், வா. அவள் வாயைத் திறக்கவில்லை. வில் காற்றில் நின்றது. புருவத்தை இன்னொரு முறை தூக்கினார். அவளுடைய வாய் அசைந்தால் போதும், வில் இறங்கியிருக்கும். அசையவில்லை. அடுத்த ஸ்வரம் எது என்று தெரியாதவர் அல்ல; அதை யாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிப்பது என்றுதான் தெரியவில்லை.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முயன்று முடியாமல், துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தந்தி தளர்ந்திருக்கு," என்றார் கூடவே சார். "பயணத்துல வெயில் பட்டிருக்கும்."

அந்த வாரமே மச்சினி வீட்டை விட்டுப் போனாள். வேறொரு ஊரின் ரயில் நிலையத்தில், வண்டி வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை கிடைத்திருந்தது. கண்ணாடி போட்ட ஒரு சிற்றறை, ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி. எந்த அறிவிப்பையும் ஒரு நொடி பிந்திச் சொல்ல முடியாது. அவள் கிளம்பும்போது கூடவே சார் வகுப்பில் இருந்தார். வரி அதிகாரியின் நாதத்தை வாசித்துக்கொண்டிருந்ததால் எழுந்து வர முடியவில்லை. அவளைப் பற்றி யார் கேட்டாலும், "மேல்பயிற்சிக்கு அனுப்பியிருக்கேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் வேண்டுமென்று யார் அவரிடம் கேட்டார்கள்? வெளி நாற்காலிகளில் அப்பாக்கள் மாறினார்கள், தலையாட்டல் மாறவில்லை. வரி அதிகாரி காலமானார். அவர் மனைவி, அவருடைய வாசிப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு வந்தாள். கூடவே சார் ஒரு பதிவைக் கொடுத்தார். அதில் அந்த மனிதரின் ஒரு ஸ்வரம்கூட இல்லை. அந்த அம்மாள் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டாள்.

மச்சினி அக்காவோடு மட்டும் பேசினாள். பேசும்போது மனைவி கைப்பேசியோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அவரும் கேட்டதில்லை.

பல வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம். புதிதாகச் சேர்ந்த பல் மருத்துவரின் பாட்டைப் பதிவு செய்யத் தன் கைப்பேசியில் இடமில்லை என்று, மனைவியின் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்திருந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. மச்சினியின் செய்தி. அதற்குக் கீழே ஓர் ஒலிப்பதிவும் வந்து உட்கார்ந்தது. பல் மருத்துவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தார்.

"அக்கா, ரேடியோவுல திரும்பவும் ஆள் எடுத்தாங்க. போய்ப் பாடினேன். பழைய அம்மா ரிடயர் ஆயிட்டாங்க, இப்ப வேற ஒருத்தர். எங்கயும் நிக்கல, எதுக்கும் பிந்தல. எடுத்துக்கிட்டாங்க. பின்வரிசை, ஓரத்து இடம். ரூம் சாவியும் குடுத்துட்டாங்க, சின்ன ரூம்தான். யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டாரு. ரயில்வே ஸ்டேஷன்லன்னு சொன்னேன், நான் ஏதோ தமாஷ் பண்றேன்னு நெனச்சுக்கிட்டாரு. தேர்வுல பாடின பாட்டையே உனக்காகப் பாடி அனுப்பியிருக்கேன். அத்தான் பக்கத்துல இருந்தா வெளிய அனுப்பிட்டுக் கேளு."